அந்த நான்கு டெப்களை எடுத்துப் போகாதீர்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாணக் கல்விச் செயலாளர் அவர்களுக்கும் எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும்,

கடந்த வாரம் எங்கள் பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களிடமுள்ள நான்கு டெப் கணினிகளையும் சார்ஜர், உறை, பெட்டி சகிதம் இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் வலயப் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவை கூடுதலாகப் பயன்படக்கூடிய நகரப் பாடசாலை ஒன்றுக்கு வழங்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: பயன்படுத்தும் மாணவர் தொகை மூன்று.

மூன்று என்பது சரியான கணக்கு. பதிவேட்டில் அதை எழுதியவள் நான். வாசிப்பு நேரத்தில் அந்த டெப்பைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அது இல்லாமல் பாடமே நடக்காது என்ற நிலையில் உள்ள பிள்ளைகளை மட்டும் எழுதினேன். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியது இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அந்த மூன்று பேர் யார் என்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருந்தால் இந்த மடலை எழுத நேர்ந்திருக்காது. கடிதம் கிடைத்த அன்றே அதிபர் ஊடாகவும் கோட்டக்கல்விப் பணிப்பாளர் ஊடாகவும் எழுதினேன். பதில் இல்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் பெயரையும் பாடசாலையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போட்டால் அந்தப் பிள்ளைகளை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

எங்களுடையது தோட்டத்துக்குள் இருக்கும் வகை 3 பாடசாலை. பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலை வழியே இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். ஒரே நீள மண்டபம். தரம் 1 முதல் 5 வரை அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை, அலுமாரியும் பலகையும்தான் தடுப்பு. மழை இறங்கிவிட்டால் தகரக் கூரைச் சத்தத்தில் முன்வரிசைக்கு மட்டும்தான் என் குரல் எட்டும். இங்கே நான் பதினான்கு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன்.

டெப்கள் வந்தபோது ஒரு தவணை முழுவதும் அதிபரின் அலுமாரியில் பூட்டியிருந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொருட்பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எல்லா ஆசிரியர்களும் பேசிக்கொண்டார்கள். பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் தந்தவர் யாரும் இல்லை. பிறகு ஒரு நாள் பயிற்சி நடந்தது. விரிவுரை சிங்களத்தில். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து தமிழில் சுருக்கம் சொன்னார். எப்படித் திறப்பது, எப்படிக் கடவுச்சொல் போடுவது, பயன்பாட்டுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டினார்கள். பதாகையில் 'உட்படுத்தல் கல்வி' என்று பெரிதாக எழுதியிருந்தது, அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது. பார்வை குறைந்த பிள்ளைக்கு இதை எப்படி மாற்றிக் கொடுப்பது என்று கேட்டேன். அது விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைகளுக்கானது என்றார்கள். எங்கள் பாடசாலையில் அந்த அலகு இல்லை. பிள்ளை இருக்கிறாள்.

அவள் இப்போது தரம் 4. கரும்பலகையிலிருந்து ஓரடி தள்ளி நின்றால் அவளுக்கு எழுத்து கரைந்துவிடும். கொப்பியை முகத்தோடு ஒட்டி வைத்து எழுதுவாள். எழுதி முடித்து நிமிரும்போது மூக்கு நுனியில் பென்சில் கரி இருக்கும். கண்ணாடி போட்டும் பெரிய மாற்றம் இல்லை. கண்டிக்குப் போய்க் கண்ணைக் காட்டி வந்த ஒவ்வொரு முறையும் அவளுடைய அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிற்று. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டத்தில் ஒரு முழுப் பேரை இழப்பது அந்த வீட்டில் என்ன செய்யும் என்பது மலையகத்தில் வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியும். தரம் 1இல் சேர்க்கக் கொண்டுபோனபோது இரண்டு பாடசாலைகளில் இடமில்லை என்றார்கள். கைதடிக்கு அனுப்புங்கள், அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழில் பாடசாலை இருக்கிறது என்றார் ஒருவர். நல்ல பாடசாலைதான். ஆனால் 300 கிலோமீற்றருக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளை வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றுதான் நானும் இரண்டு ஆண்டுகள் பதிவேட்டில் குறித்து வந்தேன்.

எனக்கு இந்தக் கருவியைக் கற்பித்தவர் உங்கள் பயிற்சியாளர்களில் ஒருவர் அல்லர். எங்கள் நகரத்து பஸ் நிலையத்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கும் ஓர் இளைஞர். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவர் கையடக்கத் தொலைபேசியைக் காதருகே வைத்துக்கொண்டு அதை விரலால் தடவித் தடவிச் செய்தி வாசிப்பதை ஒரு சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். விசாரித்தேன். என் தொலைபேசியை வாங்கி இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். அது பேசத் தொடங்கியது. டோக்பெக் என்றார். அண்ட்ரொய்ட் கருவிகளில் உள்ளேயே இருக்கும் வசதி, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். தமிழ்க் குரலை ஒருமுறை தரவிறக்கி வைத்துவிட்டால் பிறகு வாசிப்பதற்கு இணையமும் தேவையில்லை. எங்கள் மலையில் அதுதான் பெரிய காரியம்.

நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்தினேன். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, "கண்ணை மூடிக்கொள்ளுங்கள் டீச்சர். பார்த்துக்கொண்டே படித்தால் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்" என்றார். ஆறு சனிக்கிழமைகள் அந்த பஸ் நிலைய வாங்கில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். டெப்பை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லாததால் என் தொலைபேசியில்தான் படித்தேன். ஒரு தேநீருக்கு மேல் அவர் எதையும் வாங்கவில்லை.

ஏழாவது வாரம் அந்தச் சிறுமியின் மேசையில் டெப்பை வைத்தேன். குரல் வசதிக்கு முன் வேறொன்றைச் செய்தேன். கரும்பலகையைப் படம் எடுத்து, எழுத்தை உருப்பெருக்கிக் கொடுத்தேன். இரண்டு விரலால் விரித்து, அங்குமிங்கும் நகர்த்தி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது, "டீச்சர், மூலையில் தினமும் திகதி எழுதுவீர்களா?" என்று.

தினமும் எழுதுகிறேன். திகதியும் அன்று வந்த பிள்ளைகளின் தொகையும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அப்படி ஒரு மூலை இருப்பதே தெரியாது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

இப்போது அவள் நீண்ட பாடங்களைக் குரலில் கேட்கிறாள், சிறிய பந்திகளைக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் பெரிதாக்கித் தானே வாசிக்கிறாள். ஒவ்வொரு நாளும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கண் சோர்ந்துவிட்டால் டெப்பைத் தள்ளி வைத்துவிடுவாள். சுற்றுச் சத்தத்தில் குரல் கேட்காது, காதொலிப்பானை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கடந்த ஆண்டின் தவணைப் பரீட்சை வினாத்தாள் வலயத்திலிருந்து மென்பிரதியாகக் கிடைத்தபோது அவளுக்குப் பயிற்சிக்காகத் திறந்து கொடுத்தேன். அந்த நாளைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வினாவில் 'அம்மா' என்ற சொல் இருந்தது. அவள் விரலை வைத்தாள். டெப் வாசித்தது: "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்." அடுத்த சொல்லும் அப்படித்தான். முழு வினாத்தாளும் அப்படித்தான். தான் ஏதோ பிழையாகத் தொட்டுவிட்டதாக நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

பிழை அவளுடையது அல்ல. வினாத்தாள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினியில் நம் கண்ணுக்குத்தான் தமிழ் தெரிகிறது, கணினிக்குள் கிடப்பவை ஆங்கில விசைகள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்கிற பிள்ளைக்கு அது தமிழே அல்ல. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடில் அடித்திருந்தால் அதே டெப் அதை அழகாக வாசித்திருக்கும். அன்றிரவு உட்கார்ந்து வினாத்தாள் முழுவதையும் யூனிகோடில் மறுபடி அடித்தேன். விடியற்காலை இரண்டு மணியாகிவிட்டது. உங்கள் பணிமனையில் தட்டச்சு செய்பவர் முதலிலேயே யூனிகோடில் அடித்திருந்தால் ஒரு சதமும் செலவாகியிருக்காது. இதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு முன்பே எழுதினேன். இந்தத் தவணையும் பாமினியில்தான் வந்தது.

இரண்டாவது பிள்ளை தரம் 2 சிறுவன். மூளைவாதம். நடப்பான், சிரிப்பான், சொல்வதெல்லாம் விளங்கும், பேச்சு வராது. படத்தைத் தொட்டால் பதிவுசெய்த குரல் ஒலிக்கும் ஓர் இலவசச் செயலியை அவனுக்காக அமைத்தேன். தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று பத்துப் படங்கள். குரல் என்னுடையது. அவன் ஒருமுறை தொட்டான், என் குரல் வந்ததும் வகுப்பு சிரித்தது, டெப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டான். மூன்று நாட்கள் தொடவே இல்லை. நான்காம் நாள் அவன் பக்கத்தில் உட்காரும் பையன் வந்து, "டீச்சர், என் குரலைப் போடுங்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயதுதானே" என்றான். எனக்குத் தோன்றாமல் போனது அது. பத்துப் படங்களுக்கும் அந்தப் பையனே பேசினான். பேசிவிட்டு, பதினொன்றாவதாக ஒன்று வேண்டும் என்றான். இடைவேளை மணி அடித்ததும் இவன் முதலில் தொட்டது அந்தப் பதினொன்றாவது படத்தைத்தான்: "நானும் விளையாட வருகிறேன்."

மூன்றாவது சிறுவனுக்குக் காது மிகவும் மந்தம். நான் சொல்ல வேண்டியதை டெப்பில் தட்டிக் காட்டுகிறேன். பேச்சை எழுத்தாக்கும் வசதியில் 'தமிழ் (இலங்கை)' என்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும், எங்களுக்குச் சிக்னல் கிடைப்பது மேற்குப் பக்கத்து ஜன்னலோரம் மட்டும்தான். எனவே அவனுடைய மேசை அங்கே.

மூன்று பிள்ளைக்கு நான்கு எதற்கு என்று கேட்பீர்கள். பாடசாலையில் மின்செருகி இருப்பது அதிபரின் அறையில் மட்டும், அதுவும் ஒன்றுதான். ஒன்று சார்ஜில் இருக்கும்போது நான்காவது அதன் இடத்துக்குப் போகிறது. மலை ஈரத்தில் கருவிக்குள் நீர் கோர்க்காமல் இருக்க வார இறுதியில் நான்கையும் அரிசி நிரப்பிய பிஸ்கட் டின்களில் வைத்து மூடுகிறோம். இன்றுவரை ஒன்றுகூட உடையவில்லை.

நகரப் பாடசாலையில் ஒரு டெப்பை நாற்பது பேர் மாறி மாறித் தொடலாம் என்பது உண்மை. அந்தப் பிள்ளைகளுக்குக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேண்டும். ஆனால் அந்த நாற்பது பேருக்கு டெப் இல்லாத நாளில் கரும்பலகை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வாய் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அந்த நாளில் எது மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணியது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிள்ளையின் மூக்குக்கண்ணாடியை, ஒருவர் மட்டும்தான் போடுகிறார் என்று கழற்றி வாங்குவோமா?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை நம் நாடு 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆவது உறுப்புரை, பொதுக் கல்வி முறைக்குள்ளேயே ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதியைச் செய்து கொடுக்கச் சொல்கிறது. அந்த வசதியை மறுப்பதும் பாகுபாடே என்று அதே சாசனம் வரையறுக்கிறது. 5 வயதிலிருந்து 16 வரை கல்வி கட்டாயம் என்று நாமே விதித்திருக்கிறோம். பிள்ளையைக் கட்டாயமாக வரச் சொல்லிவிட்டு, அவள் பார்க்கும் வழியைத் திருப்பி எடுத்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலை என்பது தோட்ட நிர்வாகம் விரும்பிய அளவுக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும்தான். என் அம்மா அப்படிப்பட்ட ஒன்றில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். பத்தனையிலும் கொட்டகலையிலும் பயிற்சி பெற்று, இங்கேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே கற்பிக்க நிற்கும் ஆசிரியர்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். கருவியைக் கொடுத்தால் கற்றுக்கொள்ள மாட்டோம் என்று எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே கேட்கிறேன்.

முதலாவது, ஒப்படைக்கச் சொன்ன கடிதத்தை 30ஆம் திகதிக்கு முன் எழுத்து மூலம் மீளப்பெற்றுக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு முடியாது. இதே போன்ற கடிதம் வேறு தோட்டப் பாடசாலைகளுக்கும் போயிருந்தால், அங்கும் விசேட தேவையுடைய பிள்ளைகள் யாரிடமாவது அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

அடுத்த தவணையிலிருந்து வலயத்திலிருந்து வரும் ஒவ்வொரு தமிழ் வினாத்தாளும் செயலட்டையும் சுற்றுநிருபமும் யூனிகோடில் இருக்கட்டும். பார்வை குறைந்த பிள்ளை தவணைப் பரீட்சையை டெப்பில் கேட்டு எழுத அனுமதியும், கூடுதல் நேரமும் தாருங்கள். கடந்த முறை அவளுக்கு நான் வினாக்களை வாசித்துக் காட்டியதைப் பரீட்சை ஒழுங்கீனம் என்று ஒருவர் சொன்னார். அவள் எழுதிய விடைகளுக்குப் புள்ளி போடப்படவே இல்லை. அந்த விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையும் திருத்தித் தர வேண்டும்.

பயிற்சியைத் தமிழில், ஆசிரிய மத்திய நிலையத்தில், ஒரு நாளோடு முடிக்காமல் நடத்துங்கள். அதை நடத்த இந்தக் கருவிகளைத் தம் வாழ்க்கைக்கே பயன்படுத்தும் பார்வையற்றவர்களையும் செவிப்புலன் குறைந்தவர்களையும் அழையுங்கள். அவர்களுக்கு வளவாளருக்குரிய கொடுப்பனவைக் கொடுங்கள், தேநீரோடு அனுப்பிவிடாதீர்கள். எனக்குக் கற்பித்தவரை நான் அழைத்து வருகிறேன்.

வகுப்பறையில் முறையாகப் பயன்படுத்தும்போது கருவி பழுதானால் ஆசிரியரின் சம்பளத்தில் பிடிக்கப்படாது என்று ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள். அது வந்தால் எத்தனை அலுமாரிகள் திறக்கும் என்று பாருங்கள். பதிவேட்டில் மாணவர் தொகைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: இந்தக் கருவி இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எதைச் செய்ய முடியாமல் போகும்? அதை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

நீங்களோ உங்கள் பிரதிநிதி ஒருவரோ 30ஆம் திகதிக்கு முன் ஒரு நாள் எங்கள் மண்டபத்துக்கு வந்து, காலை 8 மணியிலிருந்து இடைவேளை மணி வரை பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆரம்பப் பிரிவு ஆசிரியை